முன்னாடியே இருந்த விரிசல்

அவருக்கு 'நொட்டை' என்று பெயர் வைத்தது யார் என்று தொழிற்சாலையில் யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம்; பெயர் மட்டும் நின்றுவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அவருக்குத் தெரியும். தெரிந்திருந்ததில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் செய்கிற இடம் அது. சூளையிலிருந்து வெளிவரும் டைல்கள் உருளைகளின் மேல் வரிசையாக ஊர்ந்து வரும். கடைசி மேசையில் நொட்டை உட்கார்ந்திருப்பார். கையில் சின்ன மரச்சுத்தி. வருகிற ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டுவார். நல்லதாக இருந்தால் கணீரென்று கேட்கும். உள்ளே மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் சத்தம் அடைத்துக்கொள்ளும், சளி பிடித்தவன் பேசுவது போல. அப்படிப்பட்டதைப் பக்கத்திலிருக்கும் இரும்புத் தொட்டியில் எறிவார். அது உடைகிற சத்தம் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். சாப்பிட்டு முடித்தவன் முகம் மாதிரி.

வேலையில் அவர் சுத்தம். இல்லாத குறையை ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் தொழிற்சாலைக்கு வெளியே, ஒரு பொருளை வாங்கப் போனால், இருக்கிற நிறையையும் சொல்ல மாட்டார். பழைய மேசையோ மின்விசிறியோ எதுவானாலும் சரி, அவர் சுற்றிச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினால், விற்கிறவனுக்கே தன் பொருள் மேல் அருவருப்பு வந்துவிடும். வீட்டிலும் அந்த உதடு ஓய்ந்ததில்லை. அவர் மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பவள். முடித்த சட்டையை அவர் கண்ணில் படாமல் மடித்துப் பையில் வைத்துவிடுவாள். மகளுக்கு நல்ல குரல். பத்து வயதில் ஒருநாள் பள்ளியில் கற்றுக்கொண்ட பாட்டை அப்பா முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பாடி முடித்துக் கண்ணைத் திறந்தபோது அவர் சொன்னார்: "மூணாவது வரியில சுருதி இறங்குது. கேக்கவே கூசுது." அவர் சொன்னது உண்மைதான். அதன் பிறகு அவள் குளியலறையில்கூடப் பாடவில்லை.

இந்த மனிதருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சைக்கிள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஊருக்கு வெளியே இருக்கும் குடிநீர்த் தொட்டி மேடு வரை சைக்கிள் ஓட்டுவார்கள். நொட்டையும் போவார். அவருடையது கனமான இரும்பு வண்டி. சமதரையில் எல்லோருடனும் போவார். மேடு தொடங்கியதும் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போவார்கள். மேலே போய்ச் சேரும்போது மற்றவர்கள் தண்ணீர் குடித்து, படம் எடுத்து, இறங்கத் தயாராக இருப்பார்கள். "அண்ணா வந்தாச்சா? சரி, கிளம்பலாம்" என்று யாராவது சொல்வார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே அவரும் சிரிப்பார். ஊரில் எல்லாவற்றையும் எடைபோடுகிற மனிதரை அந்த மேடு வாராவாரம் எடைபோட்டுக் கழித்துவிட்டது.

அவரைத் தாண்டிப் போனவர்களில் பாதிப்பேர் வைத்திருந்தது கார்பன் ஃபிரேம். கரிய நார்களைத் துணி மாதிரி நெய்து, பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிச் சூட்டில் வைத்துச் செய்வது. ஒற்றை விரலில் தொங்கவிடலாம், அவ்வளவு லேசு. ஆனால் இரும்பு மாதிரி வளைந்து எச்சரிக்கை கொடுக்காது. உள்ளே ஓர் அடுக்கு விட்டுப்போயிருந்தாலும் வெளியே பளபளவென்று இருக்கும். திடீரென்று ஒருநாள் இரண்டாகும். புதிது வாங்க அவருக்கு வசதியில்லை. பழையதுதான் வாங்க வேண்டும், அதிலும் பெயர் போடாத ஃபிரேமாகப் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனிகளுக்குச் செய்துகொடுக்கும் இடங்களிலிருந்தே பெயர் ஒட்டாமலும் ஃபிரேம்கள் வெளியே வரும் என்பார்கள். நிஜமோ பொய்யோ, விலை குறைவு. அதில் நல்லதைப் பொறுக்கி எடுப்பது அதிர்ஷ்டம். நொட்டைக்கு அது அதிர்ஷ்டம் இல்லை, வேலை.

மாதக்கணக்கில் தேடினார். விற்பதாக விளம்பரம் போட்ட ஒருவர் வீட்டையும் விடவில்லை. நாணயத்தால் தட்டுவார். பஞ்சைத் தேய்த்து நார் எங்காவது சிக்குகிறதா என்று பார்ப்பார். சீட் கம்பி நுழையும் குழாய்க்குள் டார்ச் அடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பார். புதுப் பெயின்ட் வாசனை வந்தால், "எங்க உடைஞ்சத மறைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுவார். கல்யாணத்துக்காக வண்டியை விற்க வந்த ஓர் இளைஞனிடம், "இத ஏறி ஓட்டிட்டு நீ முழுசா இருக்கறதே பெரிசு, தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவன் எவருக்கும் அதை விற்க மனமில்லாமல் இரண்டாக அறுத்துக் குப்பையில் போட்டதாகக் கேள்வி. அதைக் கேட்டபோதும் நொட்டை முகத்தில் அந்த நிம்மதிதான் வந்தது.

பிறகுதான் பூட்டுக்காரர் வீட்டு விளம்பரம் கண்ணில் பட்டது. 'பெயர் போடாத கார்பன் ஃபிரேம். கொஞ்ச நாள்தான் ஓட்டியது. முன் ஃபோர்க் கிடையாது.'

கடைத்தெருவில் சாவி வெட்டிக்கொடுத்துப் பூட்டு சரிசெய்பவர் அவர். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு மாடிக்குடியிருப்பின் தரைத்தளத்தில் இருந்தது. வாசல்படியில் சிமெண்ட் காயாத நிறத்தில் ஒரு சரிவுப்பாதை. உள்ளே நுழைந்ததும் கதவுக்குப் பின்னால் மடித்து வைத்த சக்கர நாற்காலி. கூடத்தின் ஓரத்தில் மருந்துக்கடைப் பைகள். உள்ளறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. அங்கே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நொட்டை எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார். வண்டி ஓட்டிய மகன் விழுந்திருக்கிறான், எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறான் என்று புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது: இவர்களுக்கு இந்தப் பொருள் வீட்டை விட்டுப் போனால் போதும். பேரம் பேச இதைவிட நல்ல இடம் அமையாது.

"வாங்க சார், ஜன்னல் பக்கம் வெளிச்சமா இருக்கும்" என்று பூட்டுக்காரர் ஃபிரேமைத் துணியால் துடைத்துக்கொண்டே எடுத்து வந்தார். "பையன் இப்போ ஓட்டறதில்ல. அதான்."

நொட்டை தரையில் ஒரு துண்டை விரித்து, ஃபிரேமைக் கிடத்தி, வேலையைத் தொடங்கினார். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் பொருந்தும் முன்குழாயில் நாணயத்தால் தட்டினார். விழுந்த வண்டியில் முதலில் அடி வாங்குவது அந்த இடம்தான். கணீர் என்றது. மேல்குழாய், கீழ்க்குழாய், பெடல் அச்சு சுற்றும் இடம், பின்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு மெல்லிய கால்கள். எல்லாம் கணீர். பஞ்சு எங்கும் சிக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் உள்சுவர் வழவழவென்று, ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது. செய்தவன் பெயர் போடவில்லையே தவிர, கை சுத்தமாகச் செய்திருக்கிறான். இத்தனை மாதத்தில் இப்படி ஒன்றை அவர் தொட்டதில்லை.

குறை என்று ஒன்றே ஒன்று இருந்தது. கீழ்க்குழாயின் அடியில், விரல் நீளத்துக்கு ஒரு கோடு. நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தார். நகம் மாட்டவில்லை. மேல் பூச்சில் கல் உரசிய கீறல், அவ்வளவுதான்.

அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"பேரே இல்லையே சார் இதுல."

"பேர் போடாம வர்றது சார். அதே ஃபாக்டரிதான் பெரிய கம்பெனிக்கும் பண்ணிக் குடுக்குதாம். பேருக்குத்தான் காசுன்னாங்க."

"விக்கறவன் எல்லாரும் அதத்தான் சொல்வான். இங்க வாங்க, இத பாருங்க."

பூட்டுக்காரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். "கீறல் மாதிரி இருக்கு."

"விரிசல்."

அந்தச் சொல் கேட்டு, சமையலறையிலிருந்து டீச்சர் வெளியே வந்தார். அதுவரை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஈரக்கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விழுந்ததுல வந்ததா?" என்று கேட்டார்.

நொட்டை பதில் சொல்ல வாயைத் திறந்தார், மூடினார். விழுந்ததில் வந்த விரிசல் என்றால் ஒட்டிச் சரிசெய்யலாம். விலை பாதிக்கு இறங்கும். செய்யும்போதே இருந்த விரிசல் என்றால் அந்தப் பொருளுக்கு விலையே கிடையாது. இவ்வளவுதான் அந்த நேரத்தில் அவர் யோசித்தது. வேறு எதையும் அவர் யோசிக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

"இல்ல டீச்சர். இது முன்னாடியே இருந்தது."

உள்ளறையில் டிவி சத்தம் குறைந்தது.

"முன்னாடியேன்னா?"

"செய்யும்போதே உள்ள ஒட்டு சரியாப் புடிக்கல. ஓட்ட ஓட்ட விரிஞ்சிருக்கும். ஒரு குழியில இறங்குனாப் போதும், வண்டி கைக்கு அடங்காது. ஓட்டறவன் என்ன பண்ணுவான், பாவம்." வழக்கமாக அவர் அவிழ்த்துவிடுகிற பேச்சுதான். தானாக வந்தது.

டீச்சர் கணவரைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒன்றைக் கண்டுபிடித்தவர் மாதிரி பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார். "பேர் உள்ளதா வாங்குங்க, பணம் பத்தலைன்னா அடுத்த வருஷம் வாங்குங்கன்னு சொன்னேன். கேட்டீங்களா? அதே ஃபாக்டரி, அதே ஃபாக்டரின்னு நின்னீங்க. ஊருக்கெல்லாம் பூட்டு போட்டுக் குடுக்கறீங்க. உங்க புள்ளைக்கு வாங்குன சாமானத் தட்டிப் பாக்கத் தெரியல."

"இந்தா பாரு, சார் நல்லாப் பாத்துட்டு..."

"அவர் பாத்துட்டுத்தான் சொல்றாரு. நீங்கதான் பாக்கல."

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. படுத்திருந்தவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது மட்டும் தெரிந்தது.

நொட்டை தொண்டையைச் செருமினார். "விலை ஒண்ணு பேசி..."

"காசு வேணாம்" என்றார் டீச்சர். "எடுத்துட்டுப் போங்க. என் கண்ணுல படாம இருந்தாப் போதும்."

ஃபிரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் தெருவுக்கு வந்தபோது, பூட்டுக்காரர் செருப்புப் போடாமல் பின்னாலேயே ஓடி வந்தார்.

"சார், இன்னொரு தடவை தட்டிப் பாக்கறீங்களா? ஒருவேளை..."

"என் காது தப்பு சொல்லாது சார்" என்றார் நொட்டை, நடந்துகொண்டே.

அவர் அந்த வண்டியைக் கட்டிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். பழைய வண்டியிலிருந்து சக்கரங்கள், எங்கேயோ கிடைத்த நல்ல ஃபோர்க். கீறலை மெருகு போட்டு இருந்த இடம் தெரியாமல் ஆக்கினார். முதல் ஞாயிறே மேட்டில் மூன்று பேரைத் தாண்டினார். அடுத்த ஞாயிறு ஐந்து பேர். தொட்டிக்கு அடியில் நின்று, வருகிறவர்களுக்காக அவர் காத்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவி தைத்திருந்த சட்டையைப் பார்த்து, "காலர் நல்லா நிக்குது" என்றார். அவள் பயந்துபோனாள்.

சந்தோஷம் அவரைப் பேச வைத்தது. ஒருநாள் சவாரி முடிந்து டீ குடிக்கும்போது எல்லோரும் வண்டி எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். அவர் நடந்ததை நடித்தே காட்டினார். தட்டியது, உதட்டைப் பிதுக்கியது, கீறலைக் காட்டியது. "ஒரு வார்த்தை சொன்னேன். 'முன்னாடியே'ன்னு. சும்மாவே குடுத்துட்டாங்கய்யா!"

சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பிசியோதெரபி பார்ப்பவள். எதற்கெடுத்தாலும் இந்த நரம்பு அந்த நரம்பு என்று பேசுவதால் குழுவில் அவளுக்கு 'நரம்பு' என்று பெயர். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சாவிக் கடைக்காரர் வீடா அண்ணா?" என்று கேட்டாள்.

"ஆமா. உனக்குத் தெரியுமா?"

"நான்தான் அந்தப் பையனுக்குக் கால் புடிச்சுப் பயிற்சி குடுக்கறேன்." அவள் குரல் தாழ்ந்தது. "விரிசலே இல்லையா அண்ணா?"

"பெயின்ட்ல கோடு. எதுக்குக் கேக்கற?"

"அந்த வீட்ல அப்பாவே பையன் ரூமுக்குள்ள காலெடுத்து வைக்கக்கூடாது. டீச்சர் விடறதில்ல. முன்ன ராத்திரியெல்லாம் அவர்தான் பையனைப் புரட்டிப் படுக்க வைப்பாரு, முதுகு புண்ணாகாம இருக்க. இப்போ வாசல்ல நின்னு எட்டிப் பாக்கறாரு. 'நீங்க வாங்கிக் குடுத்தது போதும், போங்க'ன்னு என் முன்னாடியே சொல்றாங்க. எதனாலன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

நொட்டை எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

"வியாபாரத்துல ஆயிரம் பேசறதுதான். அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார்.



சில நாள் கழித்துப் பூட்டுக்காரர் தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். வேலை முடிந்து நொட்டை வெளியே வந்தபோது, சைக்கிள் நிறுத்துமிடத்தில் அந்தக் கறுப்பு ஃபிரேமுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கீழ்க்குழாயின் அடியில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஓட்டறீங்களா சார் இத?" என்று நிமிர்ந்து பார்த்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது. "அப்போ... ஒண்ணும் ஆகலையா?"

அவர் குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைக்கு 'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும். ஆனால் உடன் வேலை பார்ப்பவர்கள் வண்டிகளை எடுக்க வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் காதுபட, தான் தட்டிப் பார்த்துச் சொன்னது தப்பு என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"உள்ள பட்டை குடுத்து ஒட்டி, சரி பண்ணித்தான் ஓட்டறேன்."

பூட்டுக்காரர் தலையை ஆட்டினார். நம்பிவிட்டார். எழுந்து நின்று முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு, போகிறவர் திரும்பி, ஒன்று கேட்டார்.

"ஒரே ஒரு விஷயம் சார். நான் வாங்கும்போது பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமா? வெளிய தெரியற மாதிரி இருந்திருக்குமா?"

"பாக்கத் தெரிஞ்சவனுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் நொட்டை.

அன்றிலிருந்து பூட்டுக்காரர் தன் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். கடையிலேயே, சாவிகள் தொங்கும் பலகைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். குளிக்கப் பக்கத்து லாரி ஷெட் குழாய். சம்பாதித்ததை நரம்பிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். டீச்சர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நரம்பு இதையெல்லாம் யாரிடமும் மறைக்கவில்லை. டீச்சரிடம் சொன்னபோது அவர் பேச்சை மாற்றிவிட்டார்; பூட்டுக்காரரோ, "தட்டிப் பாத்தவரே சொன்னாரும்மா" என்று நம்ப மறுத்துவிட்டார். தையல் வேலைக்குத் துணி கொடுக்க வந்தபோது நொட்டையின் மனைவியிடமும் சொன்னாள். அன்று மாலை, அவர் கால்கழுவி உள்ளே வந்ததும் மனைவி மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"விரிசல் இருந்துச்சா, இல்லையா?"

"உனக்கெதுக்கு அது?"

"இருந்துச்சா, இல்லையாங்க?"

"இல்ல."

அவள் மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். சண்டை போடவில்லை. அன்றிலிருந்து அவருக்கு மட்டும் தட்டை மூடி வைத்துவிட்டு, அவளும் மகளும் முன்னாலேயே சாப்பிட்டு எழுந்தார்கள். மகள் அவர் இருக்கும் அறையில் இருப்பதில்லை. அவர் வந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள். கதவைச் சாத்துகிற சத்தம்கூட வராது, அவ்வளவு மெதுவாகப் போவாள்.

அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். தாங்க முடியாமல் போனது ஞாயிற்றுக்கிழமைதான். ஒருநாள் வழக்கமான இடத்துக்குப் போனார்; யாரும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. நேரத்தை மாற்றியிருந்தார்கள். அவருக்குச் சொல்லவில்லை. தனியாகவே மேடேறினார். உச்சியில் போய் நின்று திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் வராத மேட்டில் முதலாவதாக வந்து என்ன செய்வது?

ஆகவே அவர் டீச்சர் வீட்டுக்குப் போனது மனம் உருகி அல்ல. அந்தக் கூட்டம் மறுபடி வேண்டும், அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்துவிடலாம் என்றுதான் போனார். வண்டியைச் சரிவுப்பாதை ஓரம் சாய்த்துவிட்டு மணியை அடித்தார்.

டீச்சர் கதவைத் திறந்தார். அவரையும் வண்டியையும் பார்த்தார். வெளியே வந்து, கதவைத் தன் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டார்.

"என்ன?"

"அன்னைக்கு நான் சொன்னது... தப்பாச் சொல்லிட்டேன் டீச்சர். அது வெறும் கீறல். ஃபிரேம்ல ஒரு குறையும் இல்ல."

"தெரியும்" என்றார் டீச்சர்.

நொட்டைக்குப் புரியவில்லை.

"நீங்க வந்துட்டுப் போன மறுநாளே அவன் சொல்லிட்டான். இறக்கத்துல ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டிருக்கான். வீடியோ எடுக்க. வண்டி மேல தப்பு இல்லம்மான்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதான். அப்பாகிட்ட சொல்லிடாதம்மான்னான்."

"அப்போ சார்கிட்ட..."

"சொல்லல." அவர் குரல் வகுப்பில் பேசுவதுபோல் சீராக இருந்தது. "சொன்னா என்ன ஆகும்? எனக்கு வர்ற கோவத்தையெல்லாம் நான் யார் மேல காட்டறது? ஒன்னுக்குப் போறதுக்குக்கூட என் கைய எதிர்பாத்துக் கெடக்கறவன் மேலயா? பகல் முழுக்க அவனக் கழுவறேன், தொடைக்கறேன். அந்த நேரத்துல அவன் மேல கோவம் வந்துட்டா என் கை என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது. அது வேற ஒரு ஆள் மேல இருக்கணும். இவர் நல்ல மனுஷன், தாங்குவாரு. நீங்கதான் வழி காட்டிக் குடுத்தீங்க."

"அவர் கடையில படுத்துக் கெடக்காரு, டீச்சர்."

"தெரியும். நீங்க வாங்கிட்டுப் போனதுக்கு நான் காசு வாங்கல. அதுக்குப் பதிலா ஒண்ணு பண்ணுங்க. சொன்னத மாத்தாதீங்க."

கதவு சாத்திக்கொண்டது.

அவர் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் போனேன், சொன்னேன், ஒன்றும் ஆகவில்லை என்று போய் நின்றால் யாரும் ஏற்க மாட்டார்கள் என்று தோன்றியது. வண்டியைக் கடைத்தெருவுக்கு விட்டார்.

பூட்டுக்காரர் ஒரு சாவியை அரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து தன் முக்காலியைக் கொடுத்தார். அதில் நொட்டை உட்காரவில்லை.

"சார், அந்த ஃபிரேம்ல விரிசலே இல்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. ஒட்டினேன்னு சொன்னதும் பொய். நீங்க நல்ல பொருள்தான் வாங்கிக் குடுத்திருக்கீங்க."

பூட்டுக்காரர் கையிலிருந்த அரம் நின்றது. நொட்டையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கண் நிறைந்தது. ஆனால் நொட்டை எதிர்பார்த்த விதத்தில் அல்ல.

"அவ அனுப்பிச்சாளா சார்?" என்றார்.

"என்ன?"

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு இப்படிச் சொல்லச் சொல்லி அவதானே அனுப்பிச்சா? நீங்களா வந்து எதுக்கு இப்படிச் சொல்லப் போறீங்க? அவளுக்கு எம்மேல இருந்த கோவம் போயிடுச்சு. நேர்ல கூப்பிட அவளுக்கு வாய் வராது, நாப்பது வயசுலயும் அப்படித்தான்." சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "விரிசல் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும் சார். நான்தானே வாங்குனேன். நீங்க பொய் சொல்ல வேணாம். அவ அனுப்பிச்சாளா, அத மட்டும் சொல்லுங்க."

நொட்டை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், இது உண்மை, யாரும் அனுப்பவில்லை என்று. பூட்டுக்காரர் கேட்கவே இல்லை. அவர் ஏற்கெனவே பாயைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். சுருட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப அதையே கேட்டார். அந்த முகத்துக்கு முன்னால் நின்று 'இல்லை' என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. 'ஆமாம்' என்பது சுலபமாக இருந்தது. வேலையும் முடியும்.

"ஆமா" என்றார் நொட்டை.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "ரெண்டு பேர்கிட்டயும் உள்ளத உள்ளபடி சொல்லிட்டேன்" என்றார்.

"அவர் நம்புனாரா?"

"நம்புனாரு. உடனே வீட்டுக்குக் கிளம்பிட்டாரு."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூன்று தட்டுகளை எடுத்து வைத்து மகளைக் கூப்பிட்டாள்.

குழுவுக்கும் செய்தி போயிற்று. அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு என்று அவருக்குத் தகவல் வந்தது. எல்லோரும் இயல்பாகப் பேசினார்கள். ஒருவர் தோளைத் தட்டினார். நரம்பு மட்டும் தாமதமாக, கண் வீங்கி வந்து சேர்ந்தாள்.

"நீங்க போய்ச் சொன்னது நல்லது அண்ணா. ஆனா நடுவுல யாரோ வெளயாடிட்டாங்க" என்றாள். "டீச்சர் கூப்பிடறாங்கன்னு யாரோ அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. அவரு சவரம் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கிட்டு, பாயும் கையுமா வந்து நின்னாரு. நான் உள்ள பையனுக்குப் பயிற்சி குடுத்துட்டிருந்தேன். 'நான் யாரையும் அனுப்பல, எதுக்கு வந்தீங்க'ன்னு டீச்சர் கேட்டாங்க. அவரு சிரிச்சாரு, வெளயாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சு. கதவச் சாத்துனாங்க. அப்புறமும் அந்தச் சரிவுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. பையன் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தான். ஒரு வார்த்தை பேசல."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்போ கடையவும் பூட்டிட்டு எங்கயோ போயிட்டாரு. போனும் எடுக்கல" என்றாள். "அவர்கிட்ட போய் யாரு அண்ணா அப்படிச் சொல்லியிருப்பா?"

நொட்டை குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார். "தெரியலையேம்மா" என்றார்.

முன்னால் இருந்தவர்கள் கிளம்பினார்கள். அவரும் பெடலில் காலை வைத்தார். மேடு வந்ததும் ஒவ்வொருவராகத் தாண்டி, அன்றைக்கு இரண்டாவதாகப் போய்ச் சேர்ந்தார்.